ஆறரை மணி நேரம்

2004 மே மாதக் கடைசி. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த விடுமுறை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, விளையாட்டுச் செய்தியில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்று ஓடியது. பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன். இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். முந்தின நாள் ஆரம்பித்த ஆட்டம் இருட்டிப் போய் நிறுத்தப்பட்டு, அன்றைக்குத் தொடர்ந்து, ஒருவழியாக முடிந்திருக்கிறது. மொத்தம் 6 மணி 33 நிமிடம். 6-4, 6-3, 6-7, 3-6, 16-14. டென்னிஸ் வரலாற்றில் அதுவரை பதிவான மிக நீண்ட ஆட்டம் என்றார் வாசித்தவர்.

அப்பா ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார்.

"ஆறரை மணி நேரமா? கப்பு கெடச்சிருச்சா?"

"இல்லப்பா. இது ஃபர்ஸ்ட் ரவுண்டு."

"ஃபர்ஸ்ட் ரவுண்டுக்கா? பின்ன எதுக்குல ஆறரை மணி நேரம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி காதில் ஏறவும் இல்லை. ஏனென்றால் ஜெயித்தவர் பந்தை அடித்த விதத்தைப் பார்த்து நான் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தேன். பேக்ஹேண்டை இரண்டு கையால் அடிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்த ஆள் ஃபோர்ஹேண்டையும் இரண்டு கையால் அடித்தார். அதுவும் ஓங்கி அடிக்கவில்லை. வாழைக்காயைச் சீவுவதுபோல் மேலிருந்து கீழே சீவினார். பெயர் ஃபாப்ரிஸ் சாந்தோரோ.

நான் ஏன் எழுந்து நின்றேன் என்பதற்கு மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

ஊரில் ஒரு பழைய கிளப்பில் இரண்டு மண் கோர்ட்டுகள் இருந்தன. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் சிபாரிசில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு என்னைச் சேர்த்துவிட்டார்கள். காலை ஐந்தரைக்கே போக வேண்டும். தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகுதான் பந்து. அங்கே சொல்லிக் கொடுத்தவரை மார்க்கர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கிளப்புகளில் உறுப்பினர்களோடு ஆடுவதற்கென்று சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு அதுதான் பெயர். நான் அப்போது முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். எனக்குக் கிடைத்தது யாரோ கழித்துப் போட்ட பெரியவர்களுக்கான ராக்கெட். ஒரு கையால் தூக்கினால் தலைப்பக்கம் தொங்கிவிடும். அதனால் இரண்டு பக்கமும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகக் கண்டுபிடித்த வழி அது. பந்தும் போய் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

மார்க்கர் இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம் பக்கத்தில் வந்து, "ஏலே, இதென்ன உலக்கையா? ரெண்டு கையால பிடிக்கே?" என்றார். மற்ற பையன்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் ஃபோர்ஹேண்ட் பழகும்போதெல்லாம் என் இடது கையில் ஒரு பந்தைக் கொடுத்துவிடுவார். அந்தக் கை பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் ராக்கெட் பக்கம் வராது அல்லவா? கிட்டத்தட்ட ஒரு வருடம் இடது கையில் பந்தோடு ஆடினேன். ஒற்றைக் கை ஃபோர்ஹேண்ட் வந்துவிட்டது. புத்தகத்தில் போட்ட படம் மாதிரி சரியாக, எல்லாரையும் மாதிரி. மாவட்ட அளவில் இரண்டு போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றேன். ஒன்பதாம் வகுப்போடு டென்னிஸ் நின்றது.

அதனால்தான் அந்த இரவு எழுந்து நின்றேன். "உலக்கை!" என்று கத்தியதாகவும் ஞாபகம்.

சாந்தோரோ 1972-இல் தஹித்தியில் பிறந்தவர். 1989-இல் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்று, அதே ஆண்டு தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். பீட் சாம்ப்ராஸ் அவரை மந்திரவாதி என்று சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பெயர் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு பொறியாளனாக யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.

90-களின் பிற்பாதியில் டென்னிஸ் வேகத்தின் ஆட்டமாக மாறிக்கொண்டிருந்தது. கிராஃபைட் ராக்கெட்டுகள், உயரமான ஆட்கள், இடி போன்ற சர்வ். அந்த ஆட்டத்துக்கு ஒரு ரகசியம் உண்டு. வேகமாக அடிப்பவருக்கு எதிராளியின் வேகமும் தேவை. வேகமாக வரும் பந்தைச் சரியாகச் சந்தித்தால் போதும், அதன் சக்தியில் ஒரு பங்கு திருப்பி அடிக்கும் பந்துக்குப் போய்ச் சேரும். மெதுவாக வரும் பந்திலோ எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. மொத்த வேகத்தையும் அடிப்பவர் தானே உண்டாக்க வேண்டும், அதோடு பந்து கோட்டுக்குள்ளும் விழ வேண்டும். சாந்தோரோ அந்தக் கடன் வசதியை நிறுத்தினார். பின்சுழற்சியோடு சீவப்பட்ட பந்து தரையில் பட்டதும் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆறேகால் அடி ஆள் முழங்காலை மடக்கிக் குனிந்து, கணுக்கால் உயரத்தில் பந்தைத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு முறை என்றால் பரவாயில்லை. இருநூறு முறை?

இரண்டு கைக்கு வருவோம். சீவுவதற்கு வழக்கமாக ஒரு கைதான். கை நீள வேண்டும், மணிக்கட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு கையால் பிடித்தால் எட்டும் தூரம் குறையும். ஆக ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக ஓரிரு அடி ஓடியாக வேண்டும். இதுதான் அவர் கொடுத்த விலை. கிடைத்தது என்ன? ராக்கெட் முகத்தின் மேல் கடைசி நொடிவரை கட்டுப்பாடு. பின்னால் இழுப்பதும் சின்னதுதான். எதிரே நிற்பவர் பார்க்கும்போது சீவல், டிராப் ஷாட், தலைக்கு மேல் போகும் லாப், கோணத்தில் பாயும் பந்து எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரே மாதிரி இருக்கும். எது வருகிறது என்று தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர் மராட் சாஃபின். 2000 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் சாம்ப்ராஸை நேர் செட்களில் சாய்த்த இருபது வயது ரஷ்யர். அன்றைக்கு அவரை யாராலும் தொட முடியாது என்று தோன்றியது. அதே மாதம் சிட்னி ஒலிம்பிக்ஸ் முதல் சுற்றில் சாந்தோரோவிடம் தோற்று வீட்டுக்குப் போனார். அடுத்த வருடம் பிரெஞ்சு ஓப்பனிலும் ஐந்து செட் ஆடி அவரிடமே தோற்றார். இருவரும் ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ஏழு சாந்தோரோவுக்கு. சாஃபின் கோபக்காரர், ராக்கெட் உடைப்பதில் பேர் போனவர். அவரைக் கோபப்படுத்த சாந்தோரோ எதுவும் செய்ய வேண்டியதில்லை. பந்தை மெதுவாகத் திருப்பி அனுப்பினால் போதும்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த ஞாபகத்தில் வருகிறார். சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் சர்வுக்கும் வேகம் கிடையாது, தசையும் கிடையாது. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய நம்பர் ஒன் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். எங்கள் மார்க்கருக்கு ரமேஷ் என்றால் தெய்வம். "காத்துல வெண்ணெய் தடவுத மாதிரி அடிப்பாரு" என்பார். இரண்டு கை ஃபோர்ஹேண்டை உலக்கை என்று கேலி செய்த அதே மனிதர்தான், மென்மைக்கு இப்படி உருகினார்.

கல்லூரிக் காலம் முழுக்க சாந்தோரோ எனக்கு ஒரு கொடியாக இருந்தார். சரியான முறை என்று ஒன்று இல்லை, எல்லாரும் போகிற வழியில் போகிறவன் முட்டாள், இந்த மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கொடியைக் கோடிலும் பறக்கவிட்டேன். ஐம்பது வரியில் எழுத வேண்டியதை எட்டு வரியில் சுருக்குவேன். படித்தவுடன் புரியக் கூடாது என்பதில் ஒரு பெருமை. என் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் இருந்தபோது அந்த எட்டு வரி ஒரு ராத்திரி படுத்துவிட்டது. என்னோடு வேலை பார்த்தவன் விடிய விடிய உட்கார்ந்து அதை அவிழ்த்திருக்கிறான். கல்யாண வீட்டில் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று போன்கூட அடிக்கவில்லை. திரும்பி வந்ததும் ஒன்றுதான் சொன்னான். "மச்சான், நீ யாருக்கு எதிரா ஆடுற?"

அந்தக் கேள்வியை விழுங்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. சாந்தோரோவின் விசித்திரம் வலைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு. என்னுடையதோ என் பக்கம் நின்றவனுக்கு. அதற்குப் பிறகுதான் அவருடைய இரட்டையர் ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். அவர் ஒற்றையரில் வென்ற பட்டங்கள் 6, இரட்டையரில் 24. மிஷெல் லோத்ராவோடு சேர்ந்து 2003, 2004 ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டங்கள். 2005 ஷாங்காய் ஆண்டிறுதிப் போட்டியில் பட்டம், அதுவும் இறுதியில் லியாண்டர் பயஸும் நெனாத் ஸிமோன்யிச்சும் சேர்ந்த ஜோடியை வென்று. எதிராளிக்குப் புதிராக இருந்த மனிதர் கூட ஆடுபவருக்குப் புதிராக இல்லை. எங்கே நிற்பார், எதை எடுப்பார், எதை விடுவார் என்று லோத்ராவுக்குத் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் இரட்டையரில் இப்படி ஜெயிக்க முடியாது. நான் பதினைந்து வயதில் பார்த்த இரண்டு நிமிடத் துண்டில் இது இல்லை.

இன்னொன்றும் இல்லை. அவர் தோற்ற ஆட்டங்கள்.

அவருடைய உச்சபட்ச உலகத் தரவரிசை 17, அது 2001-இல். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஒரே ஒரு முறைதான் கால் இறுதி. 2006 ஆஸ்திரேலிய ஓப்பன், அப்போது வயது 33. அந்தக் கால் இறுதியில் டேவிட் நல்பாண்டியனிடம் முதல் செட் 7-5 என்று போராடித் தோற்றார். அடுத்த இரண்டும் 6-0, 6-0. ரோஜர் ஃபெடரரை 2005 அமெரிக்க ஓப்பனில் 7-5, 7-5, 7-6 என்று மூன்று செட்டிலும் திணறடித்தார். 2008 மெல்பர்னில் அதே ஃபெடரர் 6-1, 6-2, 6-0 என்று முடித்துவிட்டார். எட்டும் தூரம் குறைவு என்று சொன்னேன் அல்லவா? அந்த விலையை எதிராளி வசூலிக்கத் தெரிந்துகொண்டால் இப்படித்தான் ஆகும். மார்க்கர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று முதல் முறையாகப் பட்டது அந்த ஃபெடரர் ஆட்டத்தில்தான். இரண்டு கையோடு விட்டிருந்தால் நான் சாந்தோரோ ஆகியிருப்பேன் என்று இத்தனை காலம் மனசுக்குள் ஒரு கதை ஓட்டிக்கொண்டிருந்தேன். மாவட்டப் போட்டியில் இரண்டு கையோடு முதல் சுற்றில் தோற்றிருப்பேன். அவ்வளவுதான்.

ஆனாலும் அவர் போகவில்லை. 2007-இல் நியூபோர்ட் புல்தரையில் பட்டம். 2008-இல் முப்பத்தைந்து வயதில் மறுபடியும் அதே பட்டம், இறுதியில் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷை வென்று. 2009-இல் விடைபெற்ற பிறகும், 2010 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு வந்து மரின் சிலிச்சிடம் முதல் சுற்றில் தோற்றார். அந்த ஒரு தோல்வியால், எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரம், இரண்டாயிரத்துப் பத்து என்று நான்கு பத்தாண்டுகளில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் ஆடிய முதல் ஆண் ஆனார். மொத்தம் 70 கிராண்ட்ஸ்லாம் போட்டிகள். அப்போது ஆண்களில் அதுவே அதிகம். 6 மணி 33 நிமிடச் சாதனை மட்டும் அந்த வருடமே போய்விட்டது. விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள்.

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது. என் டீமில் நான்கு பேர் போனார்கள். நான் தப்பித்தேன். நான் பார்த்துக்கொள்வது ஒரு பழைய பில்லிங் சிஸ்டம். யாருக்கும் அதைத் தொடப் பிடிக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு அது நின்றால் எனக்குத்தான் போன் வரும், பெரும்பாலும் விடிவதற்குள் ஓட வைத்துவிடுவேன். மேனேஜர் ஆகச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் மறுத்தேன். இந்த முறை அப்ரைசலில், உங்கள் வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் வளர்ச்சி இல்லை என்றார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறார்கள். எனக்கு முப்பத்தாறு வயது. வீட்டுக் கடன் இருக்கிறது. அன்றைக்கு வண்டியை எடுக்காமல் பார்க்கிங்கிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மனதில் வந்த முகம் அப்பாவுடையது.

அப்பா தபால் இலாகாவில் கிளார்க்காகச் சேர்ந்தவர். கவுண்டரிலேயே முப்பத்து நான்கு வருடம். கூடச் சேர்ந்தவர்கள் இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதி ஜீப்பில் வந்தார்கள். அப்பா அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதன் ஒருவனின் அப்பா அப்படி ஜீப்பில் வந்தவர். அவன் வீட்டுக்குப் போய் வந்த ஒரு நாள் அம்மாவிடம், "அப்பாவுக்கு ஏன் ஒண்ணுமே ஆகத் தெரியல?" என்று கேட்டேன். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இருபத்தைந்து வருடமாகப் பேசியதில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டுவிட்டேன்.

"பரீட்ச எழுதிருந்தா மாத்தல் போட்டுருவான்லா. ஒங்க ஆச்சி படுக்கையில கெடந்தா. யாரு பாப்பா?" என்றார்.

"அதுக்காக மட்டுமாப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கவுண்டர்ல உக்காருதது எனக்குப் பிடிக்கும்ல. மணியார்டர் வாங்க வார கெழவிக்கு என் மொகம் தெரியும். சாயந்திரம் கணக்கு ஒரு பைசா பெசகாம வந்துச்சின்னா நிம்மதியா இருக்கும்." பிறகு, "ஒனக்கு அது ஒரு மாதிரியாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

இருபத்தைந்து வருடமாக அவர் அதை வைத்திருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமும் இல்லை. லேப்டாப்பை எடுத்து, 2004 ஆட்டத்தின் நீண்ட தொகுப்பு ஒன்றைத் தேடி அவர் முன்னால் வைத்தேன். "ஆறரை மணி நேரம் எதுக்குன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்காப்பா?" அவருக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்பா இளவயதில் பால் பேட்மிண்டன் ஆடியவர். சீவலைப் பார்த்ததும், "கட்டு நல்லா போடுதான்" என்றார்.

ஐந்தாவது செட்டின் கடைசிக் கேம். சாந்தோரோவின் கால்கள் தளர்ந்துவிட்டன, ராக்கெட்டை இரண்டு கையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. 16-14. நான் இத்தனை வருடம் அந்த இடத்தில் சாந்தோரோவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அப்பா திரையின் மறுபக்கம் விரலை வைத்தார். அங்கே அர்னோ கிளெமோன், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, தோற்றவர்.

"இந்தப் பயலும் ஆறரை மணி நேரம் நின்னுருக்காம்லா."

"ஆமாப்பா."

"இவன் பேரு என்ன?"

சொன்னேன். ஒரு முறை சொல்லிப் பார்த்தார், வாயில் வரவில்லை. "சரி, முதல்லருந்து போடு" என்றார். போட்டேன். இரண்டாவது செட்டுக்குள் ஈசிச்சேரிலேயே தூங்கிப்போனார். சத்தத்தைக் குறைத்துவிட்டு மீதியை நான் பார்த்து முடித்தேன்.